கொன்றவனுக்கே சிம்மாசனம்: சுல்தான் பைபர்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1260 அக்டோபர் கடைசி. மங்கோலியரைத் தோற்கடித்த எகிப்தியப் படை பாலஸ்தீனத்திலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சினாய் மணல் முடிந்து நைல் டெல்டாவின் பசுமை தொடங்கும் இடத்தில் சாலிஹிய்யா என்றொரு ஊர். அதன் அருகே சுல்தான் குதுஸ் வேட்டைக்காகப் பாதையை விட்டு விலகினார். ஒரு முயலைத் துரத்திக்கொண்டு போனார் என்கிறார்கள். கூடவே சில அமீர்கள், அதாவது படைத் தளபதிகள். அவர்களில் ஒருவர் குதிரையை ஒட்டி நிறுத்தி, மங்கோலியரிடமிருந்து பிடிபட்ட ஒரு பெண்ணைத் தனக்குத் தரும்படி கேட்டார். சுல்தான் சரி என்றார். நன்றி சொல்லும் பாவனையில் கேட்டவர் சுல்தானின் கையைப் பற்றி முத்தமிட்டார். பற்றிய கையை விடவில்லை. அதுதான் மற்றவர்களுக்குச் சைகை. வாள்கள் இறங்கின.

கேட்டவர் யார், முதல் வெட்டு யாருடையது என்பதில் அன்றைய வரலாற்று நூல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கூட்டத்தின் தலைவர் ருக்னுத்தீன் பைபர்ஸ் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் விசித்திரம். கொலையாளிகள் நேராக அரசக் கூடாரத்துக்குப் போனார்கள். ‘அதாபெக்’ என்ற பதவியில் இருந்த மூத்த அமீர் ஒருவர் அங்கே இருந்தார். “உங்களில் யார் கொன்றது?” என்று கேட்டார். “நான்தான்” என்றார் பைபர்ஸ். “அப்படியானால் சுல்தானின் இடத்தில் நீங்களே உட்காருங்கள்” என்றார் அதாபெக். விசாரணை இல்லை, பழிவாங்கல் இல்லை. சத்தியப்பிரமாணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

குதுஸின் வெற்றியைக் கொண்டாடக் கெய்ரோ தோரணம் கட்டிக் காத்திருந்தது. காலையில் கண்விழித்த மக்களுக்குத் தண்டோராக்காரர்கள் சொன்னது வேறு: குதுஸின் ஆன்மாவுக்காகப் பிரார்த்தியுங்கள், சுல்தான் பைபர்ஸ் நீடூழி வாழ வேண்டுங்கள்!

இந்த ஆய்வின் கேள்வி எளிமையானது. ராஜாவைக் கொன்றவனே ராஜா என்பது விதியானால், அந்த விதி புதிய ராஜாவுக்கும் பொருந்தும். பைபர்ஸைச் சுற்றி நின்ற ஒவ்வொரு அமீரும் அதைக் கண்ணால் பார்த்தவர். போதாக்குறைக்கு, அவர் பங்கெடுத்த முதல் சுல்தான் கொலையும் இது அல்ல. அப்படிப்பட்டவர் எப்படி ஏறத்தாழ 17 ஆண்டுகள் எகிப்தையும் சிரியாவையும் அசைக்க முடியாமல் ஆண்டார்?

800 வெள்ளிக்காசு

பைபர்ஸ் கிப்சாக் துருக்கியர். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியில் 1220களில் பிறந்தவர். மங்கோலியப் படையெடுப்பில் அந்த மக்கள் சிதறினார்கள், பிடிபட்ட பிள்ளைகள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். இவரும் அப்படித்தான் சிரியா வந்து சேர்ந்தார். டமாஸ்கஸ் சந்தையில் 800 திர்ஹத்துக்கு விலை படிந்தது. வாங்கியவர் பிறகு பையனை உற்றுப் பார்த்திருக்கிறார். நீலக் கண்களில் ஒன்றில் பூ விழுந்திருந்தது. மாட்டைச் சுழி பார்த்துத் திருப்பி அனுப்புவது போலத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம் வாங்கியவர் ஐதகீன் என்ற அமீர். அவருடைய பட்டம் ‘புந்துக்தார்’, அதாவது சுல்தானின் உண்டைவில்லைச் சுமப்பவர். பைபர்ஸின் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த ‘அல்-புந்துக்தாரி’ இந்த எஜமானிடமிருந்து வந்தது. ஐதகீன் எகிப்தின் சுல்தான் சாலிஹ் ஐயூபின் கோபத்துக்கு ஆளாகி, அவருடைய சொத்து பறிமுதலானபோது, சொத்தோடு சொத்தாகப் பைபர்ஸும் சுல்தானின் கைக்குப் போனார்.

‘மம்லுக்’ என்றால் உடைமையாக்கப்பட்டவன் என்று பொருள். வயல் அடிமையோ வீட்டு வேலைக்காரனோ அல்ல, விலைக்கு வாங்கப்பட்ட போர்வீரன். சிறுவயதில் வாங்கி, இஸ்லாமும் அரபும் கற்பித்து, குதிரையும் வில்லும் ஈட்டியும் பழக்கி, பயிற்சி முடிந்ததும் விடுதலைப் பத்திரம் கொடுத்துப் படையில் சேர்ப்பார்கள். நம் பள்ளிப் பாடத்தில் டெல்லி ‘அடிமை வம்சம்’ என்று படித்தோமே, அதே ஏற்பாடுதான். பைபர்ஸ் கெய்ரோவில் ஆண்ட காலத்தில் டெல்லியில் அரியணை ஏறிய பால்பனும் துருக்கிய அடிமையாக வந்தவர்தான்.

அப்பா அம்மா ஊர் உறவு எதுவும் இல்லாத இவர்களுக்கு இரண்டே பந்தங்கள். ஒன்று, வாங்கி வளர்த்த எஜமான். இன்னொன்று, ஒரே கொட்டடியில் வளர்ந்த தோழன். அவனை ‘குஷ்தாஷ்’ என்பார்கள். எஜமான் செத்தால் மிச்சம் இருப்பது தோழன் மட்டும். சாலிஹ் ஐயூப் தன் படையை நைல் நதியின் ரவ்தா தீவில் குடிவைத்தார். நதியை அங்கே ‘பஹ்ர்’ என்பார்கள், அதனால் படைக்குப் பஹ்ரிய்யா என்று பெயர். அதே படையில் கலாவூன் என்றொருவர். அவரை ‘அல்-அல்ஃபி’ என்பார்கள், ஆயிரத்தான் என்று சொல்லலாம். அவரை முதலில் வாங்கிய விலை 1000 தீனார், அதுவும் தங்கம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கொலை

1250 பிப்ரவரியில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப்படை மன்சூரா நகரத்தில் புகுந்தது. மன்னரின் தம்பி ராபர்ட் அவசரப்பட்டுத் தெருக்களுக்குள் பாய்ந்தார். பஹ்ரிய்யா வீரர்கள் அந்தச் சந்துகளிலேயே அவரையும் அவருடன் வந்தவர்களையும் முடித்தார்கள். அந்தத் தாக்குதலில்தான் பைபர்ஸின் பெயர் முதலில் வெளியே தெரிந்தது. ஏப்ரலில் லூயியே கைதியானார்.

மன்சூரா சண்டைக்கு முன்பே சாலிஹ் ஐயூப் நோயில் இறந்துபோயிருந்தார். மகன் துரான்ஷா வந்து, அப்பாவின் மம்லுக்குகளை ஓரங்கட்டித் தன் ஆட்களை மேலே கொண்டுவந்தார். மே 2 அன்று விருந்து முடிந்த நேரத்தில் பஹ்ரிய்யா அமீர்கள் அவரைத் தாக்கினார்கள். மரக் கோபுரத்துக்குள் ஓடி ஒளிந்தவரைத் தீ வைத்து வெளியேற்றி, நதியோரத்தில் வெட்டினார்கள். அந்தக் கூட்டத்திலும் பைபர்ஸ் இருந்தார். புதிதாக வரும் வாரிசு அப்பாவின் ஆட்களைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு அன்றே தெரியும். இருபத்தேழு வருடம் கழித்து அவருடைய சொந்த மகன் அதே தவற்றைச் செய்தார்.

துரான்ஷாவுக்குப் பின் சாலிஹின் விதவை ஷஜருத் துர் சில மாதங்கள் பெயரளவில் ஆண்டார். பிறகு அதிகாரம் ஐபக் என்ற மம்லுக் கைக்குப் போனது. 1254-ல் ஐபக் பஹ்ரிய்யாவின் தலைவர் அக்தாயைக் கொல்ல, அதில் குதுஸுக்கும் பங்கு இருந்தது. பைபர்ஸும் கலாவூனும் மற்றவர்களும் சிரியாவுக்கு ஓடினார்கள். ஆறு வருடம் டமாஸ்கஸ் மன்னரிடமும் கெரக் கோட்டை மன்னரிடமும் மாறி மாறிக் கூலிக்குச் சண்டை போட்டார்கள்.

1258-ல் ஹுலாகுவின் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். 1260-ல் அலெப்போவும் டமாஸ்கஸும் விழுந்தன. அப்போதுதான் பைபர்ஸ் குதுஸோடு சமாதானம் செய்துகொண்டு கெய்ரோ திரும்பினார். பெருங்கான் மோங்கே இறந்த செய்தி கிடைத்து ஹுலாகு பெரும்படையோடு கிழக்கே விலகியிருந்தார். மிஞ்சியிருந்த படைக்குத் தலைவர் கித்புகா. 1260 செப்டம்பர் 3 அன்று ஐன் ஜாலூத்தில் முன்னணிப் படையை நடத்தியவர் பைபர்ஸ். கித்புகா கொல்லப்பட்டார். பைபர்ஸ் கூலியாக அலெப்போ ஆளுநர் பதவியை எதிர்பார்த்தார். குதுஸ் அதை வேறொருவருக்குக் கொடுத்தார். அக்தாயின் பழைய கணக்கு ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். முயல் வேட்டையில் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தன.

தபால்காரர்களின் சுல்தான்

அரியணை ஏறியதும் பைபர்ஸ் தேர்ந்தெடுத்த பட்டம் ‘அல்-காஹிர்’, அடக்கி ஒடுக்குபவர். இந்தப் பட்டம் வைத்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை என்று அமைச்சர் சொல்ல, ‘அல்-ஸாஹிர்’ என்று மாற்றிக்கொண்டார். அடுத்த வேலையாக, போருக்காகக் குதுஸ் விதித்திருந்த கூடுதல் வரிகளை ரத்து செய்தார். பஹ்ரிய்யா கும்பல் மறுபடி வந்துவிட்டதே என்று நடுங்கிக்கொண்டிருந்த கெய்ரோ கொஞ்சம் மூச்சுவிட்டது.

பைபர்ஸை எல்லோரும் வாள்வீரராகவே பேசுகிறார்கள். என் கணக்கில் அவருடைய முதல் ஆயுதம் தபால். அரபில் ‘பரீத்’. கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸ் வரையும் அதற்கு அப்பாலும் வழிநெடுக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் தயாராக நிற்கும் மாற்றுக் குதிரைகள். அவை அரசுக் கடிதத்துக்கு மட்டுமே, வணிகர் கடிதம் ஏறாது. டமாஸ்கஸ் செய்தி கெய்ரோவுக்கு நான்கு நாளில் வந்தது. வாரம் இரண்டு முறை தபால். அவசரத்துக்குப் புறாக்கள். மங்கோலியர் எல்லை தாண்டினால் தெரிவிக்க மலையுச்சிகளில் தீப்பந்தம். யோர்தான் நதியின் மேல் தாமியாவில் 1266-ல் கட்டிய பாலமும் படையும் தபாலும் தடையில்லாமல் போகத்தான்.

எல்லை தாண்டும் எதிரியின் செய்தியை விட, அலெப்போ ஆளுநர் யாரோடு சாப்பிடுகிறார், கெரக்கில் யாருக்குக் கடிதம் வந்தது என்ற செய்தி அவருக்கு முக்கியம். ஒரே வாரத்தில் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் போலோ ஆடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எங்கே இருப்பார், எப்போது கிளம்புவார் என்று யாருக்கும் சொல்லமாட்டார். ஒருமுறை சிரியாவில் முகாமிட்டிருந்தபோது சுல்தானுக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்தார்கள். மருத்துவர்கள் கூடாரத்துக்குள் போனார்கள், வந்தார்கள். சுல்தானோ நாலைந்து ஆட்களோடு மாறுவேடத்தில் தபால் குதிரைகளில் கெய்ரோ போய், தான் இல்லாதபோது கோட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முயலைத் துரத்திப் பாதை விலகிய குதுஸோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தான் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிந்தால் என்ன நடக்கும் என்று பைபர்ஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, ஒற்றர்களையும் தபாலையும் வைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆளும் உரிமை எங்கிருந்து வரும்? அதற்கும் பாக்தாத் அழிவே வழிவிட்டது. அங்கே இருந்த, முஸ்லிம் உலகின் தலைவராகக் கருதப்பட்ட அப்பாஸிய கலீபாவின் வம்சத்தில் தப்பிப் பிழைத்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் 1261-ல் கெய்ரோ வந்தார். நீதிபதிகளின் முன்னால் பூர்விகம் விசாரிக்கப்பட்டு, அல்-முஸ்தன்சிர் என்ற பெயரில் அவர் கலீபா ஆனார். கலீபா அந்தக் கையோடு பைபர்ஸுக்குக் கறுப்புத் தலைப்பாகையும் அங்கியும் அணிவித்து, ஆட்சிப் பத்திரத்தைப் படிக்க வைத்தார். சந்தையில் திருப்பி அனுப்பப்பட்டவர் இப்போது நபிகளின் குடும்பத்து வாரிசால் முடிசூட்டப்பட்ட சுல்தான்.

இதில் ஓர் உள்குத்து உண்டு. கலீபாவைப் பெரும்படையோடு பாக்தாதுக்கு அனுப்ப முதலில் திட்டம் இருந்தது. அங்கே அவர் காலூன்றிவிட்டால் உங்களையே தூக்கிவிடுவார் என்று யாரோ காதில் போட்டார்களாம். கடைசியில் சில நூறு குதிரைவீரர்களோடுதான் போனார். அதே வருடம் மங்கோலியர் அவரைக் கொன்றார்கள். அடுத்த கலீபா அல்-ஹாகிம் கெய்ரோக் கோட்டையிலேயே கிட்டத்தட்டக் காவலில் வைக்கப்பட்டார். இந்த நிழல் கலீபாக்கள் 1517-ல் உதுமானியர் வரும்வரை நீடித்தார்கள்.

1265-ல் ஒரே தலைமை நீதிபதிக்குப் பதில் ஷாஃபி, ஹனஃபி, மாலிகி, ஹன்பலி என நான்கு மத்ஹபுகளுக்கும் (இஸ்லாமியச் சட்ட மரபுகள்) ஒவ்வொருவர் என்று நால்வரை நியமித்ததையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒருவர் முடியாது என்றால் இன்னொருவரிடம் கேட்கலாம்.

கடற்கரையை இடித்தவர்

படை சும்மா இருந்தால் சதி பேசும். ஆண்டுதோறும் படையெடுப்பு, பெரும்பாலும் சிலுவைப்போர்க்காரர் வசமிருந்த ஊர்கள் மீது. 1265-ல் கைசரியா, ஹைஃபா, அர்சூஃப். 1266-ல் ஸஃபத். 1268-ல் ஜாஃபா, மே மாதம் அந்தியோக்கியா. 1271-ல் ஹிஸ்னுல் அக்ராத் என்ற, அசைக்கவே முடியாது என்று பேர்பெற்ற கோட்டை, ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களுடையது. கடைசிக் காவலர்கள் சரணடைய, அவர்களுடைய தலைவர் எழுதியது போல ஒரு போலிக் கடிதம் போதுமானதாக இருந்தது என்பார்கள்.

அர்சூஃப் முற்றுகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 40 நாள். கல்லெறிப் பொறியின் கயிற்றைச் சுல்தானே இழுத்தார், சுரங்கத்தில் இறங்கினார், மார்க்க அறிஞர்களான ஆலிம்களும் மண் சுமந்தார்கள் என்று அவருடைய செயலர் இப்னு அப்துல் ஸாஹிர் எழுதுகிறார். எஜமானைப் புகழும் எழுத்துதான், ஒரு பங்கு கழித்தே படிக்க வேண்டும். ஆனால் அந்தப் படையெடுப்போடு வந்த ஒரு பத்திரம் புகழ்ச்சி அல்ல. பிடித்த நிலத்தின் கிராமங்களை அமீர்களுக்கு எழுதிக்கொடுத்த பட்டியல் அது. இன்னாருக்கு முழுக் கிராமம், இன்னாருக்குப் பாதி, இன்னாருக்கு மூன்றில் ஒரு பங்கு. வழக்கமான ‘இக்தா’வில் வருமானம் மட்டும்தான் கிடைக்கும், நிலம் சொந்தமாகாது. இங்கே நிலமே சொந்தம், பிள்ளைகளுக்கும் போகும். பட்டியலில் ஆயிரத்தான் கலாவூனின் பெயரும் உண்டு. அலெப்போவைக் கேட்டுக் கிடைக்காமல் குதுஸைக் கொன்றவர், தன் தோழர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

பிடித்த கடலோர ஊர்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை, இடித்துத் தள்ளினார். எகிப்திடம் உருப்படியான கடற்படை கிடையாது. 1271-ல் சைப்ரஸுக்கு அனுப்பிய கப்பல்கள் லிமாசோல் அருகே பாறையில் மோதி நொறுங்கின. ஐரோப்பாவிலிருந்து புதிய படை வந்தால் இறங்கத் துறைமுகமே இருக்கக்கூடாது என்பது கணக்கு. உள்நாட்டில் மலைமேல் இருந்த ஸஃபத்தையும் ஹிஸ்னுல் அக்ராதையும் மட்டும் பழுதுபார்த்துத் தன் படையைக் குடிவைத்தார். கோட்டைகள் வரிசையாக விழுந்த கதையை விட இந்த இடிப்புக் கொள்கைதான் சிலுவைப்போர்க்காரர்களின் கதையை முடித்தது என்று நினைக்கிறேன்.

இதில் கொடுமை இல்லையா? நிறைய. ஸஃபத்தில் உயிருக்கு உத்தரவாதம் என்ற பேச்சில் சரணடைந்த டெம்ப்ளர் (இன்னொரு துறவி வீரர் அமைப்பு) வீரர்களின் தலைகள் வெட்டப்பட்டன. வாக்குக் கொடுத்தது சுல்தானே அல்ல, அவர் இடத்தில் உட்கார வைக்கப்பட்ட ஓர் அமீர் என்று ஒரு கதை உண்டு. அது சுல்தானைக் காப்பாற்றுகிறதா, இன்னும் மோசமாக்குகிறதா என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் தனக்கு அடைக்கலம் கொடுத்த கெரக் மன்னர் முகீஸையும் 1263-ல் சத்தியம் செய்து வரவழைத்துக் கைது செய்து கொன்றார். மங்கோலியரோடு கடிதத் தொடர்பு என்பது குற்றச்சாட்டு.

அந்தியோக்கியா விழுந்தபோது அதன் இளவரசர் போஹெமண்ட் திரிப்போலியில் இருந்தார். அவருக்குப் பைபர்ஸ் அனுப்பிய கடிதம் பிரபலமானது. ஊர் போய்விட்டதால் இளவரசர் பட்டம் ரத்தாம், ‘கோமான்’ என்று மட்டுமே விளித்தது. உங்கள் வீரர்கள் குதிரைக் குளம்படியில் மிதிபட்டதையும் வீடுகள் சூறையாடப்பட்டதையும் நீங்கள் பார்த்திருந்தால் என்று வரிசையாக அடுக்கி, செய்தி சொல்ல ஒருவரும் தப்பாததால் நாங்களே சொல்கிறோம் என்று முடிந்தது. படிக்கும்போது எழுத்தின் வேகத்தை ரசிப்பதா, அதன் பின்னால் கிடந்த பிணங்களை நினைப்பதா என்று குழப்பம் வரும்.

இத்தனைக்கும் அவருடைய பெரிய பயம் சிலுவைப்போர்க்காரர் அல்ல, ஈரானில் இருந்த ஹுலாகுவின் வம்சம். அவர்களுக்கு எதிராக, ஹுலாகுவின் சொந்தப் பங்காளியும் முஸ்லிமாகிவிட்டவருமான, வடக்குப் புல்வெளியை ஆண்ட ‘தங்கக் கூட்டம்’ என்ற மங்கோலிய அரசின் கான் பெர்க்கேயோடு கைகோத்தார். ஒட்டகச்சிவிங்கி உட்பட விசித்திரமான பரிசுகளோடு தூதர்கள் போனார்கள். பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மைக்கேலோடும் உடன்பாடு. காரணம், மம்லுக் படைக்குப் புதிய ஆள் என்றால் அது கிப்சாக் புல்வெளியில் விலைக்கு வாங்கிய சிறுவர்கள். அந்தக் கப்பல்கள் கான்ஸ்டான்டிநோபிள் நீரிணை வழியாகத்தான் வர முடியும். தான் வந்த அதே அடிமைச் சந்தையை மூடவிடாமல் காப்பது சுல்தானின் வெளியுறவுக் கொள்கையாக இருந்தது.

குமிஸ்

1277 ஏப்ரலில் அனத்தோலியாவின் எல்பிஸ்தானில் மங்கோலியப் படை ஒன்றை நசுக்கி, கைசேரி நகரத்தில், அங்கே ஆண்ட செல்ஜுக் துருக்கியரின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். கூட வருவதாகச் சொன்ன உள்ளூர்ப் பெருந்தலை பர்வானா வரவில்லை. தீவனமும் தீர்ந்தது. சில நாளிலேயே திரும்பினார்.

டமாஸ்கஸில் அவருக்குப் பிடித்த குமிஸ், அதாவது புளித்த குதிரைப்பால் குடித்தபின் வயிறு கலங்கிப் படுத்தார். இரண்டு வாரத்துக்குள், ஜூன் கடைசி நாளோ ஜூலை முதல் நாளோ, இறந்தார். விஷம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. கிரகணம் பிடித்ததாகவும், பெரிய மனிதர் ஒருவர் சாவார் என்று ஜோசியர் சொன்னதாகவும், அந்தச் சாவை வேறொருவர் தலையில் கட்ட சாலிஹ் ஐயூபின் பழைய அரச வம்சமான ஐயூபி இளவரசர் ஒருவருக்கு விஷம் கலந்ததாகவும், அதே கோப்பையில் தானே மறந்து குடித்ததாகவும் கதை. அந்த இளவரசரின் பட்டம் அல்-காஹிர். ராசியில்லை என்று பைபர்ஸ் கழற்றிப் போட்ட அதே பட்டம். கதை கட்டியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

சாவைத் தளபதி பிலிக் மறைத்தார். உடல் டமாஸ்கஸ் கோட்டையில் ரகசியமாக இருக்க, மூடிய பல்லக்கோடு படை கெய்ரோ போனது. சுல்தானுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போது அவரே ஆடிய ஆட்டம். மகன் பரகா அரியணையில் உட்கார்ந்த பிறகே உண்மை வெளியானது.

பரகாவைச் சிறுவயதிலேயே துணைச் சுல்தானாக முடிசூட்டியிருந்தார். கலாவூனின் மகளையும் அவனுக்குக் கட்டிவைத்திருந்தார். தோழனே சம்பந்தி, இதைவிடப் பாதுகாப்பு எது என்று நினைத்திருப்பார். பரகா வந்ததும் அப்பாவின் அமீர்களை ஓரங்கட்டித் தன் இளவட்டங்களை மேலே ஏற்றினான், துரான்ஷாவைப் போலவே. 1279-ல் அமீர்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள், தலைமையில் மாமனார் கலாவூன். பரகா விலகிக் கெரக்குக்குப் போய் அடுத்த வருடமே இறந்தான். ஏழு வயதுத் தம்பி சலாமிஷ் நூறு நாள் சுல்தானாக இருந்தான். பிறகு ஆயிரத்தான் தானே உட்கார்ந்தார். அவர் வம்சம் நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது.

கலாவூனின் மகன் கலீல் 1291-ல் சிலுவைப்போர்க்காரரின் அக்கா (ஏக்கர்) துறைமுக நகரத்தைப் பிடித்து, பைபர்ஸ் தொடங்கிய வேலையை முடித்தார். 1293 டிசம்பரில் அவரும் வேட்டைக்குப் போனார், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு. பைதரா என்ற அமீரும் கூட்டாளிகளும் அவரை வெட்டினார்கள். கொன்ற பைதரா பழைய வழக்கப்படி தன்னைச் சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். இந்த முறை யாரும் ‘உட்காருங்கள்’ என்று சொல்லவில்லை. கலீலின் மம்லுக்குகள் துரத்திப் பிடித்தார்கள். பைதராவின் தலை ஈட்டியில் ஏறிக் கெய்ரோ வந்தது.